கட்டடம் எண் 6-ன் சாவி

போன மாசம் ஊருக்குப் போன் பண்ணினப்போ பெரியம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கு நான் வாய் கூசாமல் சொன்ன ஒரு பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

பெரியம்மாவுக்கு ஒரே பையன். என்னைவிட ஆறு வயசு மூத்தவன். டவுன் சிண்ட்ரோம். காலையில் பூத்துக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவான், கொடியில் காயும் துணியை மடித்து வைப்பான், சாமி படத்துக்குப் பூ போடுவான். நான் இன்ஜினியரிங் சேர்ந்த நாளிலிருந்து என்னை "இன்ஜினியர் சார்" என்றுதான் கூப்பிடுவான். (ஆபீஸில் கூட எவனும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது வேறு கதை.) நாலு வருஷம் முன்னாடி பெரியப்பா தவறிட்டார். பெரியம்மாவுக்கு இப்போ 67.

"ஏன்டா, நீ இருக்கற ஊர்ல இவன மாதிரி பிள்ளைங்களுக்குப் பெத்தவங்க போனப்புறம் யாருடா பாத்துப்பாங்க?"

"இங்கல்லாம் கவர்ன்மெண்டே பாத்துக்கும் பெரியம்மா. எல்லாம் சிஸ்டமேட்டிக்."

"ம்" என்றார்கள். அதோடு பேச்சு மாறிவிட்டது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு அதைப்பற்றி ஒரு எழவும் தெரியாது. நியூஜெர்சியில் பொட்டி தட்டிக்கொண்டு, வாரக் கடைசியில் இந்தியக் கடையில் முருங்கைக்காய் தேடுகிறவனுக்கு இந்த ஊர் அரசாங்கம் யாரை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று எப்படித் தெரியும்? குற்ற உணர்ச்சியில் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வில்லோப்ரூக்.

அது இருந்த இடம் நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவு. நான் இருக்கும் இடத்திலிருந்து அதிக தூரம் இல்லை. ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். மன்ஹாட்டனிலிருந்து ஆரஞ்சு கலர் ஃபெர்ரி, இலவசம். எல்லாரும் சுதந்திர தேவி சிலையைப் பார்க்க ஒரு பக்கமாக ஒதுங்க, நானும் ஒதுங்கினேன். இறங்கியதும் எஸ்-62 பஸ், விக்டரி புலவார் வழியாக. அந்த ரோட்டின் ஆரம்பத்தில் இலங்கைக்காரர்களின் கடைகள் உண்டு, கொத்து ரொட்டி கிடைக்கும். அதையெல்லாம் தாண்டிப் போனால் ஒரு பெரிய கல்லூரி வருகிறது: காலேஜ் ஆஃப் ஸ்டேட்டன் ஐலண்ட். பசங்க பையை மாட்டிக்கொண்டு காபியோடு நடக்கிறார்கள். பச்சைப் புல்வெளி. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்களைப் பார்த்த கண்ணுக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் ஆறாயிரம் பேரை அடைத்து வைத்திருந்தார்கள்.

* * *

சுருக்கமாகக் கதை. 1938-ல் நியூயார்க் மாநிலம் இந்த இடத்தில் 375 ஏக்கர் நிலத்தில் "மனவளர்ச்சி குன்றிய" குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்ட முடிவு செய்தது. கட்டி முடிப்பதற்குள் இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது. ராணுவம் கட்டடங்களை எடுத்துக்கொண்டு ஹாலோரன் ஆஸ்பத்திரி என்று நடத்தியது. போர் முடிந்து 1947-ல்தான் குழந்தைகள் வந்தார்கள். பெயர் வில்லோப்ரூக் ஸ்டேட் ஸ்கூல். பெயரில்தான் ஸ்கூல். உள்ளே இருந்தவர்களில் மிகப்பெரும்பாலானவர்களுக்குப் பாடம் எதுவும் கிடையாது.

நாலாயிரம் பேருக்காகக் கட்டிய இடம். 1965-ல் அங்கே இருந்தது ஆறாயிரத்துக்கும் மேல். நம்ம பாஷையில் சொன்னால் கெப்பாசிட்டியைவிட ஒன்றரை மடங்கு லோடு. சர்வர் என்றால் படுத்துவிடும். மனுஷங்க உடனே படுக்க மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாவார்கள்.

எனக்கு முதலில் வந்த கோபம் பெற்றோர்கள் மேல்தான். பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் இப்படி ஒரு இடத்தில் விட எப்படி மனசு வந்தது? படிக்கப் படிக்க அந்தக் கோபம் இடம் மாறியது. அன்றைக்குக் குழந்தை பிறந்ததுமே டாக்டர்களில் பலர் சொன்ன அறிவுரை, "வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க, மறந்துடுங்க, இன்னொண்ணு பெத்துக்குங்க" என்கிற ரகம். சரி, மறக்க மாட்டேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், பள்ளிக்கூடம் சேர்க்காது. சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் 1975-ல்தான் வந்தது. அந்தச் சட்டம் வரும்போது பத்து லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அவர்கள் பாராளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்து உதவ யாரும் கிடையாது. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அவ்வளவுதான்.

ஆக, இரண்டே வழி. ஒன்று, யார் உதவியும் இல்லாமல் நாலு சுவருக்குள் தனியாக மல்லுக்கட்டுவது. இல்லையென்றால் வில்லோப்ரூக். மூன்றாவது வழி என்று ஒன்றை யாரும் உண்டாக்கவே இல்லை.

சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 1949-லேயே நியூயார்க்கில் பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அது நாடு தழுவிய இயக்கமாகவும் ஆனது. இந்தச் சங்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி கோர்ட்டில் வருவார்கள்.

* * *

வில்லோப்ரூக்கில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த விஷயம் அந்த மஞ்சள் காமாலை ஆராய்ச்சி.

அத்தனை பேரை நெருக்கி வைத்து, சுத்தமும் இல்லையென்றால் என்ன ஆகும்? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வார்டு வார்டாகப் பரவியது. சால் க்ரூக்மன் என்கிற நியூயார்க் பல்கலைக்கழக டாக்டர் 1950-களின் நடுவில் அதை ஆராய வந்தார். அவரும் அவர் குழுவினரும் 1970-களின் தொடக்கம் வரை, அங்கே புதிதாகச் சேர்ந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே அந்தக் கிருமியைக் கொடுத்து, நோய் எப்படி வருகிறது, எதனால் தடுக்கலாம் என்று பார்த்தார்கள். அவர்கள் சொன்ன நியாயம்: "எப்படியும் இங்கே இருந்தால் இந்தக் குழந்தைகளுக்கு வரத்தான் போகிறது. எங்கள் தனி வார்டில் நல்ல கவனிப்போடு வரட்டுமே."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் பயங்கரம். எப்படியும் வரத்தான் செய்தது. அந்தத் தனி வார்டு மற்ற வார்டுகளைவிடச் சுத்தமாகவும்தான் இருந்தது. ஹெபடைடிஸ் இரண்டு வகை என்று பிரித்துக் காட்டியதும், பி வகைக்குத் தடுப்பூசி சாத்தியம் என்பதற்கு ஆரம்பத் தடயம் கொடுத்ததும் இந்த ஆராய்ச்சிதான். இன்றைக்கு நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ்-பி ஊசியின் கதையில் வில்லோப்ரூக் குழந்தைகளும் இருக்கிறார்கள். க்ரூக்மனுக்கு 1983-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. இன்னொரு பக்கம், மருத்துவ ஆராய்ச்சியில் நடந்த அத்துமீறல்கள் என்று ஹென்றி பீச்சர் 1966-ல் ஒரு பட்டியல் போட்டார், அதிலும் இது இருந்தது.

பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டார்களா? போட்டார்கள். எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தது. ஆனால் இதைக் கேளுங்கள். 1964 கடைசியில் இடம் இல்லை என்று வில்லோப்ரூக்கில் பொதுச் சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். ஹெபடைடிஸ் வார்டில் மட்டும் இடம் இருந்தது. காத்திருந்த பெற்றோர்களுக்கு, "பொது வார்டில் இடம் இல்லை, ஆராய்ச்சி வார்டு என்றால் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தகவல் போனது.

மாசக்கணக்காகக் காத்துக்கிடக்கும் ஒரு அம்மா என்ன செய்வாள்? கையெழுத்துப் போடத்தான் செய்வாள். அதைச் சம்மதம் என்று ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, "நீதானே விரும்பி உள்ளே வந்தாய்" என்று சொல்வதற்குப் பெயர் வேறு.

* * *

வெளியுலகுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதா? அப்படியும் இல்லை. 1965-ல் ராபர்ட் கென்னடி, அப்போது நியூயார்க் செனட்டர், முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு, மிருகக்காட்சிசாலைக் கூண்டுகளோடு ஒப்பிட்டுக் கடுமையாகப் பேசினார். (அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு, அவரும் ஒரு விடுதியில்தான் வாழ்ந்தார்.) பேப்பரில் வந்தது. கொஞ்ச நாள் பரபரப்பு. அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

1971-ல் மாநில அரசு பட்ஜெட்டில் கை வைத்தது. காலியான இடங்களுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே பற்றாக்குறை, இப்போது நூற்றுக்கணக்கில் இன்னும் ஆள் குறைந்தார்கள். ஒரு வார்டில் நாற்பது ஐம்பது குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஆயா என்கிற நிலைமை.

மைக்கேல் வில்கின்ஸ் என்று ஒரு இளம் டாக்டர் அங்கே வேலை பார்த்தார். அவர் பின்னாடி டிவியில் ஒரு கணக்குச் சொன்னார். தானாகச் சாப்பிட முடியாத ஒரு குழந்தைக்கு ஊட்ட இருபது முப்பது நிமிஷம் ஆகும். நம் வீடுகளில் எவ்வளவு ஆகுமோ அதே நேரம்தான். வில்லோப்ரூக்கில் கிடைத்தது மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் அள்ளித் திணித்தால் சோறு மூச்சுக்குழாயில் இறங்கும். நிமோனியா வரும். குழந்தை சாகும். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றுதான் இருக்கும், "மூன்று நிமிஷம்" என்று இருக்காது.

இதைப் படித்தபோது பெரியம்மா அண்ணனுக்குச் சின்ன வயசில் சோறு ஊட்டியது கண்ணுக்குள் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, அவன் முழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. நான் நாலு ஓவர் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தாலும் கிண்ணத்தில் பாதி இருக்கும்.

வில்கின்ஸும், எலிசபெத் லீ என்கிற சமூகப் பணியாளரும் பெரிய வீரசாகசம் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். "தனித்தனியாகக் கேட்டால் நடக்காது, சேர்ந்து கேளுங்கள்" என்றார்கள். வில்லியம் பிரான்ஸ்டன் என்ற இன்னொரு டாக்டரும் இதில் இருந்தார். 1971 நவம்பரில் ஸ்டேட்டன் ஐலண்ட் அட்வான்ஸ் என்கிற உள்ளூர்ப் பத்திரிகையில் ஜேன் கர்டின் தொடராக எழுதினார். நிர்வாகத்துக்கு எது வலித்ததோ தெரியாது, 1972 ஜனவரியில் வில்கின்ஸையும் லீயையும் வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

தூக்கினவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். வில்கின்ஸ் கையில் கட்டடம் எண் 6-ன் சாவி இருந்தது.

அவர் தனக்குத் தெரிந்த ஒரு ரிப்போர்ட்டருக்குப் போன் போட்டார். ஜெரால்டோ ரிவேரா. டபிள்யூ.ஏ.பி.சி. சேனல். முன்னாடி வக்கீலாக இருந்தவர், வயசு 28. (என் வயசு. எனக்குத் தூக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.) கேமராவோடு போனார்கள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்கள்.

அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. முழுசாகப் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இருட்டு ஹால். துணி இல்லாத குழந்தைகள் தரையில். அழுகை என்று சொல்ல முடியாத ஒரு ஓலம். நாற்றத்தை மட்டும் டிவியில் காட்டமுடியாது என்பதை ரிவேராவே அதில் வருத்தத்தோடு சொல்கிறார். இரண்டு கோடுகள் பேப்பரில் படிப்பது வேறு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டு ஹாலில் இது ஓடுவது வேறு. கென்னடி சொல்லியும் அசையாத ஊர் அன்றைக்கு அசைந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 30 அன்று ஜான் லெனனும் யோகோ ஓனோவும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு கச்சேரி பண்ணினார்கள், இந்தப் பிள்ளைகளுக்காக நிதி திரட்ட. ஸ்டீவி வொண்டரும் பாடினார். பீட்டில்ஸ் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்: லெனன் முழு நீளத்துக்கு நடத்திய கடைசிக் கச்சேரிகள் அவை. அந்தப் பாட்டுகளை காலேஜ் ஹாஸ்டலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எதற்காகப் பாடினார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

* * *

டிவி பார்த்து அழுததால் எதுவும் மாறிவிடவில்லை. மாற்றியது வழக்கு.

1972 மார்ச்சில் அந்தப் பெற்றோர் சங்கமும் மற்றவர்களும் மாநில ஆளுநர் ராக்ஃபெல்லர் மேல் ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். நீதிபதி ஆரின் ஜட். 1973-ல் அவர் கொடுத்த முதல் உத்தரவு வினோதமானது. இவர்களுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் பெறும் உரிமை அரசியல் சாசனத்தில் இருப்பதாகத் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் தீங்கு நேராமல் பாதுகாக்கப்படும் உரிமை உண்டு என்றார். கேட்டதற்கு ரொம்பக் கம்மிதான். ஆனால் அந்தச் சின்ன ஆணியில்தான் மற்ற எல்லாவற்றையும் மாட்டினார்கள்.

1975-ல் புதிய ஆளுநர் ஹ்யூ கேரி, வழக்கை இழுக்காமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு தீர்ப்பாணையில் கையெழுத்திட்டார். அதை ஒரு ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட் மாதிரி படித்தேன். தனியறையில் பூட்டக்கூடாது. அடிக்கக்கூடாது. உடம்பில் சோதனை செய்யக்கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் நாலு பேருக்கு ஒரு பணியாளர். வார நாட்களில் தினம் ஆறு மணி நேரம் ஏதாவது பயிற்சி. இதெல்லாம் எழுதி வாங்கவேண்டிய விஷயமா என்று தோன்றும். எழுதி வாங்கவேண்டியிருந்தது.

அதைவிட முக்கியமான வரி வேறு. இந்த 5,400 பேர் அளவிலான கூட்டத்தை ஆறு வருஷத்தில் 250 ஆகக் குறைக்கவேண்டும். மற்ற எல்லாரும் ஊருக்குள், சின்ன வீடுகளுக்குப் போகவேண்டும். ஒரு வீட்டில் அதிகபட்சம் பத்துப் பேர், லேசான குறைபாடு உள்ள பெரியவர்கள் என்றால் பதினைந்து.

அதாவது, "வில்லோப்ரூக்கை நல்லபடியாக நடத்து" என்பது கடைசியில் கோரிக்கையாக இல்லை. எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் ஆறாயிரம் பேரை ஒரே வளாகத்தில் அடைத்தால் இதுதான் ஆகும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ரிவேராவே தன் படத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய் வேறு வழி இருக்கிறது என்று காட்டியிருந்தார். அங்கே 1969-லேயே லாண்டர்மேன் சட்டம் வந்து, வட்டாரத்துக்கு ஒரு மையம் வைத்து, குடும்பத்துக்கு என்ன தேவை என்று கேட்டு ஏற்பாடு செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.

* * *

இங்கே "சுபம்" போட்டு முடித்திருந்தால் சினிமா. நிஜம் அப்படி இல்லை.

ஊருக்குள் வீடு பார்க்கப் போனால் தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். டிவி பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் சிலரே பக்கத்து வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றதும் கூட்டம் போட்டார்கள். கடைசியில் 1978-ல் இதற்கென்றே மாநில அளவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நகராட்சி 40 நாளைக்குள் பதில் சொல்லவேண்டும், வேறு இடம் காட்டலாம், இந்த மாதிரி வீடுகள் ஏற்கெனவே அங்கே அதிகம் என்று நிரூபிக்கலாம். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது மட்டும் காரணமாகாது.

இன்னொரு எதிர்ப்பு நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. பெற்றோர்களில் ஒரு பகுதியினரே பயந்தார்கள். "பெரிய கட்டடம் எங்கேயும் ஓடிப்போகாது. இந்தச் சின்ன வீட்டை நாளைக்கு இழுத்து மூடினால் என் பிள்ளை எங்கே போவான்?" முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு தடவை ஏமாந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

பணத்துக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட் 1971-லிருந்து இந்த மாதிரி பெரிய நிறுவனங்களுக்குப் பணம் தந்தது. பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் கிடையாது. கேட்டி பெக்கெட் என்று அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் குழந்தை. மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுவிட மெஷின் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியிலேயே கிடந்தால் அரசு செலவைக் கொடுக்கும், அதைவிடக் குறைந்த செலவில் வீட்டில் பார்த்துக்கொண்டால் கொடுக்காது! 1981-ல் ஜனாதிபதி ரீகன் வரை இந்த விஷயம் போய், அதே வருஷம் வீட்டிலும் ஊருக்குள்ளும் தரும் உதவிக்கு அந்தப் பணத்தைச் செலவு செய்யலாம் என்று சட்டத்தில் வழி செய்தார்கள். இன்று அமெரிக்காவில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பெரும்பாலான உதவி இந்த வழியாகத்தான் வருகிறது. காசு கட்டடத்துக்குப் போகாமல் ஆளுக்குப் போகவேண்டும் என்கிற சின்ன மாற்றம்தான். இதற்கே இவ்வளவு வருஷம்.

தீர்ப்பாணையைக் கண்காணிக்க ஏழு பேர் குழு ஒன்று இருந்தது. 1980-ல் மாநில சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது. ஆறு வருஷக் கெடு தாண்டி 1982-லும் சுமார் பாதிப் பேர்தான் வெளியே வந்திருந்தார்கள். இப்படி இழுத்து இழுத்து 1987-ல் கடைசி ஆளும் வெளியேறினார். 1993-ல் அந்த இடத்துக்குக் கல்லூரி வந்தது.

வெளியே போன சின்ன வீடுகளிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கும் அடி உதை என்று பிறகு செய்திகள் வந்திருக்கின்றன. பணியாளர்களுக்குச் சம்பளம் குறைவு, அதனால் நிற்பதில்லை. சுவர் சின்னதானால் மட்டும் போதாது. உள்ளே வந்து எட்டிப் பார்க்க சொந்தக்காரனோ பக்கத்து வீட்டுக்காரனோ யாராவது ஒருத்தர் வேண்டும்.

* * *

ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெர்னார்ட் கராபெல்லோ. மூளை முடக்குவாதம் என்கிற செரிப்ரல் பால்சி. பேச்சும் நடையும் சிரமம், புத்தியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சரியாகப் பேச வராத குழந்தையை உட்கார்ந்து சோதிக்க யாருக்கும் நேரமில்லை. மனவளர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டார்கள். மூன்று வயசில் உள்ளே போனவர் 18 வருஷம் இருந்தார். ரிவேராவின் கேமரா முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து, உள்ளே எப்படி இருந்தது என்று சொன்னவர் இவர். 1972-ல் வெளியே வந்தார். அப்புறம் தன்னைப் போன்றவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் சங்கத்தை நியூயார்க் மாநிலத்தில் கட்டினவர்களில் ஒருவரானார்.

இவரைப்பற்றிப் படிக்கும்போது ஒரு தப்பு பண்ணத் தோன்றும். "அய்யோ, இவருக்குத்தான் குறைபாடே இல்லையே, அநியாயமாக அடைத்துவிட்டார்களே!" என்று. அப்போ குறைபாடு இருந்தவர்களை அடைத்தது நியாயமா? அண்ணனுக்கு நிஜமாகவே இருக்கிறது. கூட்டல் வராது. பால் பாக்கெட்டுக்குச் சரியான சில்லறை கொடுத்து அனுப்பவேண்டும். அதனால் அவனுக்குத் தன் தெரு, தன் பூத், தன் கொடிக்கயிறு எதுவும் இல்லாமல் போகலாமா?

கல்லூரி வளாகத்துக்குள் இப்போது ஒரு நினைவுப் பாதை போட்டிருக்கிறார்கள். வில்லோப்ரூக் மைல் என்று பெயர். அங்கங்கே நின்று படிக்கப் பலகைகள். நான் போன அன்றைக்கு என்னைத் தவிர ஒரு வயசான தம்பதி மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். யாரையாவது இங்கே விட்டிருந்தார்களா, பார்க்க வந்த ஊர்க்காரர்களா, நான் கேட்கவில்லை.

* * *

திரும்பி வந்து பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொன்னேன். இந்தக் கதையை என்னால் முடிந்த மாதிரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

நம்ம ஊரில் 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் சொன்னேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கானது. பதினெட்டு வயசு தாண்டினவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க மாவட்டக் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு, பெற்றோர் இருக்கும்போதே மனு போடலாம். (உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். பல பேருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கே தெரியாது.)

"அதுல யார் பேரைடா போடணும்?" என்று கேட்டார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் பெயரைப் போடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு மாசாமாசம் பணம் அனுப்புகிறவன் பாதுகாவலனா? பணம் அனுப்பிய வில்லோப்ரூக்குக்கு மூன்று நிமிஷம்தான் கிடைத்தது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இருந்தால் நானும் அதே ஃபைல் ஆசாமிதான்.

"பொங்கலுக்கு வரேன் பெரியம்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே கலெக்டர் ஆபீஸ் போலாம். யார் பேருன்னு அதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டு வரேன்."

"வா. ஆனா அவனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கடா" என்றார்கள்.

இவ்வளவு படித்தும் அது எனக்குத் தோன்றவில்லை. போன் கை மாறியது.

"இன்ஜினியர் சார், எப்ப வர்றீங்க?"